ஒரு ஃபார்ம் போதும்

வெப் டெவலப்பர்கள் நாலு பேர் ஒன்றாக நின்றால் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. சாயங்காலம் சென்னையின் ஐடி சாலையான ஓ.எம்.ஆரில் எந்த டீக்கடைக்குப் போனாலும், கழுத்தில் அடையாள அட்டையோடு, வெப் பக்கம் கட்டும் கருவிகளில் ரியாக்ட்டா வ்யூவா என்று வாதாடுகிறவர்களைப் பார்க்கலாம். பெருங்குடியில் தொடங்கி சிறுசேரி வரைக்கும் இதே பேச்சுதான். நானும் வருஷக்கணக்கில் பேசியிருக்கிறேன். 2006-இல் வந்த ஜேக்வெரி, பிறகு ஆங்குலர், 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், அதன் மேல் அடுக்கடுக்காக வந்தவை என்று எல்லாவற்றையும் பற்றி. அந்தப் பேச்சில் பெரும்பகுதி இன்றைக்கு யாருக்கும் உதவாது. கருவி மாறியதும் அதைப் பற்றிப் பேசியதும் காலாவதியாகிவிட்டது.

காலாவதியாகாத பேச்சு ஒன்று இருக்கிறது. அது ஃபார்மைப் பற்றிய பேச்சு. பெயர், போன் நம்பர், முகவரி, கீழே ஒரு பட்டன். ஒருத்தருக்கு இந்தத் தொழிலில் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும் என்பது என் கட்சி. பிரவுசர் எதையெல்லாம் தானாகத் தருகிறது, மறுமுனையில் அதை வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டரான சர்வர் எதை நம்பலாம், இதை நிரப்பப்போகிற மனிதர் யார் என்ற மூன்றும் தெரியாமல் ஒழுங்கான ஃபார்ம் எழுத முடியாது. எங்கள் டீமில் நடந்த நல்ல உரையாடல்களில் பல ஏதாவது ஒரு ஃபார்மை நடுவில் வைத்துத்தான் நடந்தன. அவற்றில் சிலதை எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

ஃபார்ம் பழைய சரக்கு. 1995 நவம்பரில், வெப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 2.0 வரையறை வெளியானபோதே அதில் ஃபார்ம் இருந்தது. பிரவுசருக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டை நெட்ஸ்கேப்பும் சன் நிறுவனமும் அறிவித்தது அதற்கு அடுத்த மாதம். நிரப்பியதை எடுத்து சர்வரிடம் சேர்க்கும் வேலையை, ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் பிரவுசர் அன்றைக்கே செய்தது, இன்றைக்கும் செய்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி வகுப்பில் முதல் வாரத்திலேயே ரியாக்ட் போன்ற ஒரு ஃபிரேம்வொர்க்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை.

அப்படிச் சேர்ந்த ஒரு தம்பி, அனுப்பும் பட்டனை ஒரு டிவ்வை, அதாவது எச்டிஎம்எல்லில் தனி வேலை எதுவும் இல்லாத வெறும் பெட்டியை வைத்துச் செய்திருந்தான். பார்க்க அழகாக இருந்தது. மவுஸால் தொட்டால் வேலையும் செய்தது. ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் பார்க்கும் ரிவ்யூவில் திருப்பி அனுப்பினேன்.

"அண்ணா, நல்லாத்தானே ஓடுது? எதுக்குத் திருப்பி அனுப்பிட்டீங்க?"

"மவுஸை ஓரமா வெச்சிடு. கீபோர்டை மட்டும் வெச்சு அனுப்பிப் பாரு."

டேப் கீயை அழுத்திக்கொண்டே போனான். கர்சர் கடைசிக் கட்டத்திலிருந்து நேராகப் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய்விட்டது. பட்டன் என்று ஒன்று இருப்பதாகவே பிரவுசருக்குத் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த எங்கள் டெஸ்டர் அப்போது ஹெட்போனைக் கழற்றினார். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் எல்லாப் பக்கங்களையும் சோதிப்பார். அவர் கேட்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

"எனக்கு அந்த இடத்துல 'க்ளிக்கபிள்'னு மட்டும்தாம்பா கேக்குது. பட்டனா, லிங்க்கா, அமுக்கினா என்ன ஆகும், ஒண்ணும் தெரியல."

தம்பி சளைக்கவில்லை. டேப் நிற்பதற்கு ஒரு வரி, என்டர் அழுத்தினால் ஓடுவதற்குச் சில வரிகள், ஸ்பேஸ் அழுத்தினால் ஓடுவதற்குச் சில வரிகள், 'நான் பட்டன்' என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல இன்னொரு வரி என்று மறுநாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தான். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த வரிகளையெல்லாம் அழித்துவிட்டு, டிவ் என்றிருந்த இடத்தில் பட்டன் என்று மாற்றினோம். அத்தனையும் தானாக வந்தது. "பிரவுசர் இதை ஏற்கெனவே செய்யுதா?" என்று கோட் எழுத உட்காரும் முன் கேட்கும் பழக்கம் அன்றைக்கு அவனுக்கு வந்தது. இப்போது என்னிடமே அந்தக் கேள்வியைக் கேட்கிறான்.

பின்கோடு கட்டத்துக்கு 'நம்பர்' வகையைப் போடுவதும் இதே கதைதான். பின்கோடு எண்களால் ஆனது, ஆனால் எண்ணிக்கை கிடையாது. அதை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. நம்பர் வகையைப் போட்டால் சில பிரவுசர்களில் கர்சர் உள்ளே இருக்கும்போது மவுஸ் வீலை உருட்டினாலே மதிப்பு மாறும். சோழிங்கநல்லூரின் 600119, கொடுங்கையூரின் 600118 ஆகிவிடும். நிரப்பியவருக்குத் தெரியவே தெரியாது. பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கு வடிவமைப்பு வகுக்கும் குழு 2020-இல் இந்தக் காரணங்களை விளக்கி, நம்பர் வகையைக் கைவிட்டது. சாதாரண எழுத்துக் கட்டம் வைத்து, போனில் எண் கீபோர்டு மட்டும் வரும்படி ஒரு குறிப்பு சேர்த்தால் போதும்.

கட்டம் எதற்கு என்று சொல்லும் லேபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் எழுத்து லேபிள் ஆகாது. தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும், பாதி நிரப்பியவர் இது என்ன கட்டம் என்று அழித்துப் பார்க்க வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கு இது பெரிய தொல்லை. இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

விவாதிக்க நிறைய இருப்பது பெயர்க் கட்டத்தில்.

தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, சில வீடுகளில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும் சேர்த்து, அதன் பின் நம் பெயர். சென்னையில் எழுதப்பட்டு, சென்னை மக்களே நிரப்பும் ஃபார்மில்கூட முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டும் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். சரி, இனிஷியலைக் கடைசிப் பெயரில் போடலாம் என்றால், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று தடுக்கும். அப்புறம் என்ன செய்வார்கள்? ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பார்கள். அது ஏற்காவிட்டால் தன் பெயரையே இரண்டு முறை அடிப்பார்கள், அல்லது அப்பா பெயரை முழுதாகப் போடுவார்கள். ஒரே ஆள் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் பதிவாகிவிடுகிறார். அதற்குப் பிறகு 'பெயர் பொருந்தவில்லை' என்று அலைய வேண்டியது அவர்தான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் 'எஃப்என்யூ' என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகி வருவதும் இந்த இரண்டு கட்டக் கணக்கால்தான். ஒரு கட்டம் போதும். 'முழுப் பெயர்' என்று எழுதி, அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வாடிக்கையாளர்களில் யாரிடம் இதைப் பேசினாலும் முதலில் மறுப்பார்கள். "கடைசிப் பெயரை வெச்சு நீங்க என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

அடுத்தது, எந்த எழுத்தை ஏற்பது என்பது. ஏ முதல் இசட் வரை மட்டும் என்று எழுதி வைத்தால் தமிழில் பெயர் எழுதவே வழியில்லை. இதைச் சரிசெய்ய வந்த எங்கள் டீம் பெண் ஒருவர், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் 'எழுத்து' என்ற வகையில் வரும் எதையும் ஏற்கலாம் என்று மாற்றியிருந்தார். யோசனை நல்ல யோசனை. ஆனால் கமலா என்று அடித்தால் பிழை என்றது. சரவணன் என்று அடித்தாலும் பிழை.

"அண்ணா, 'கமல' வரைக்கும் போகுது, 'கமலா'ன்னா நிக்குது. ஏன்?"

துணைக்காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோடின் கணக்கில் எழுத்து வகையில் வருவதில்லை. அவை 'குறி' என்ற வேறு வகை. எழுத்தையும் குறியையும் சேர்த்து அனுமதித்தால்தான் தமிழ்ப் பெயர் உள்ளே வரும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் வாழ்நாள் முழுக்க இது கண்ணில் படாது. அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் நமக்கு 8 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் குறிகளையும் தனியாக எண்ணி 15 என்று சொல்லும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வைத்தால் 45 பைட். 10-க்கு மேல் வெட்டு என்று எங்காவது எழுதியிருந்தால் 'கிருஷ்ணமூர' என்று நிற்கும், புள்ளிகூட மிஞ்சாது. குறுஞ்செய்தியிலும் இதே தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 குறியீடுகள் கொள்ளும், தமிழில் 70 மட்டும்தான். அந்த 70-ஐயும் குறி, புள்ளி எல்லாம் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். 'உங்கள் பதிவு ஏற்கப்பட்டது' என்ற செய்தியைத் தமிழில் அனுப்ப நினைத்தால் வாக்கியத்தை அதற்கேற்ப எழுதத் தெரிய வேண்டும். அதுவும் இந்தத் தொழிலில் சேர்ந்த வேலைதான்.

இதையெல்லாம்விட எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் ஒரு கிளினிக்குக்காக அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்தபோது வந்தது. வரவேற்பில் இருந்த அக்கா போன் செய்தார். "சார், கௌசல்யான்னு தேடினா வரல. ஆனா பேரு லிஸ்ட்ல என் கண்ணு முன்னாடி இருக்கு." எங்கள் டீமில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தார். பதிவு செய்தவர் போன் கீபோர்டில் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்திருந்தார். தேடியவர் அடித்தது கௌ என்ற ஒற்றை எழுத்து. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும், கம்ப்யூட்டருக்கு முற்றிலும் வேறு. ஔவையாரை ஒ, ள என்று பிரித்து அடிப்பதும் இந்த வகைதான்.

இதில் இரண்டு விதமான பிரச்சினை இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொ என்ற எழுத்தின் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, நார்மலைஸ் என்ற ஒரு கட்டளையில் ஒன்றாகிவிடும். கௌ, கெள விஷயம் அப்படித் தீராது. ள உண்மையான எழுத்து, யூனிகோட் அதைத் தொடாது. எல்லா கெள-வையும் கௌ என்று மாற்றிவிடலாமே என்று ஒரு தம்பி சொன்னான். கெளுத்தி மீன் என்ன ஆகும் என்று டெஸ்டர் கேட்டார். ளகரத்தை எடுத்துவிட்டால் அதன் மேல் நிற்கும் உகரம் அந்தரத்தில் தொங்கும், சொல்லே உடைந்துவிடும். கடைசியில், பெயரை அவரவர் அடித்தபடியே வைத்துக்கொண்டு, தேடுவதற்கென்று மட்டும் தனியாக ஒரு வடிவம் சேமித்தோம். அதில் இரண்டு வகையும் ஒன்றாக மடங்கிவிடும். தேடும் சொல்லையும் அதே விதியில் மடக்கித்தான் ஒப்பிடுவோம் என்பதால் கெளுத்தியும் பத்திரமாக இருக்கும். அந்த மாலை டீ ஆறிப்போகும்வரை பேசினோம். 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, விசைப்பலகையையும், எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையான குறியேற்றத்தையும் பொதுவாக்கப் பாடுபட்டார்கள். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். அந்த வேலையின் மிச்சத்தைத்தான் நாம் இன்றைக்குப் பெயர்க் கட்டத்தில் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

நிரப்பியாயிற்று, பட்டனை அழுத்தியாயிற்று. அதன் பிறகு நடப்பதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பணம் கட்டும் ஃபார்ம் என்றால் அங்கேதான் பயமே இருக்கிறது. பறக்கும் ரயிலில் போய்க்கொண்டே ஒருவர் பணம் கட்டுகிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனதா இல்லையா என்று தெரியவில்லை, மறுபடி அழுத்துகிறார்.

"முதல் தடவை அழுத்தினதும் பட்டனை டிஸேபிள் பண்ணிட்டா போதாதா அண்ணா?"

போதாது. சர்வருக்குக் கோரிக்கை போய்ச் சேர்ந்து, பணமும் எடுத்தாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அவர் பக்கத்தை மூடித் திறந்து மறுபடி கட்டுவார். அதனால் ஃபார்மைக் காட்டும்போதே சர்வர் அதற்கென்று ஒரு தனி எண் கொடுத்து அனுப்ப வேண்டும். அதே எண்ணோடு இரண்டாவது முறை வந்தால் புதிதாகப் பணம் எடுக்காமல், முதல் முறை என்ன ஆனதோ அந்த முடிவையே திருப்பிச் சொல்ல வேண்டும். மூடித் திறந்தாலும், நிலுவையில் இருக்கும் அந்தக் கட்டணத்துக்கு அதே எண்தான் போக வேண்டும். முடிந்ததும், 'அந்தப் பக்கத்துக்குப் போ' என்று பிரவுசரிடம் சொல்லும் 303 என்ற பதிலோடு வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், ரீஃப்ரெஷ் செய்தாலும் பழைய கோரிக்கை மறுபடி போகாது. இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு தலைமுறை டெவலப்பருக்கும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் இரண்டு முறை போய்விட்டதோ என்று பதறுகிறவரின் குரலை ஒருமுறை கேட்டவர்கள் இதை மறப்பதில்லை.

நெட் சரியாக இல்லாத இடத்தில் பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வியை எங்களுக்கு ஊரே கற்றுக்கொடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியபோது, எங்களோடு வேலை செய்யும் ஒருவர் மாடியில் மாட்டிக்கொண்டார். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் குறைவு, சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. உதவி கேட்கும் ஒரு பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் திரை மட்டும்தான் வந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு சின்ன ஃபார்ம், நாலு கட்டம்கூட இருக்காது. ஆனால் அதை வரையவே பெரிய ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை முழுதாக இறங்கியாக வேண்டும். தண்ணீர் வடிந்து அவர் ஆபீஸுக்கு வந்த பிறகு நடந்த பேச்சு நீண்ட பேச்சு. அவர் கோபமாகவே பேசினார், கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் டீமில் ஒரு வழக்கம் வந்தது. எந்த ஃபார்மும் முதலில் வெறும் எச்டிஎம்எல்லாக ஓட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தால் இன்னும் வசதியாகலாம், வராவிட்டாலும் அனுப்ப முடிய வேண்டும். ரிவ்யூவில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டு ஒருமுறை அனுப்பிப் பார்ப்போம்.

ரிவ்யூவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சுகள் எல்லாம் முளைப்பது அங்கேதான். 'இதை மாற்று' என்று எழுதினால் மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்டால் காரணம் வரும். சில நேரம் நமக்குத் தெரியாத காரணமாக இருக்கும். கேட்டதும் கோட் எழுதித் தரும் ஏஐ கருவிகள் வந்த பிறகு இந்தக் கேள்விக்கு மதிப்பு கூடியிருக்கிறது. எங்களுக்கு அப்படி வந்த கோடில் பெயருக்கு ஏ முதல் இசட் வரை என்ற கட்டுப்பாட்டைப் பல முறை பார்த்திருக்கிறேன், குறைந்தது இரண்டு எழுத்து என்ற விதியோடு சேர்த்து. கோட் சுத்தமாக, ஒழுங்காகத்தான் இருக்கும். சரவணனை உள்ளே விடாது, அவ்வளவுதான். யார் எழுதியிருந்தாலும் அந்த வரிக்குக் காரணம் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது எங்கள் மேஜையில் இருப்பது ஒரு வங்கிக் கணக்கு ஃபார்ம். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள், அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஆனால் பலர் அங்கே 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அடிக்கிறார்கள். பிழை என்று சிவப்பில் காட்டாமல் நாமே பூஜ்யமாக்கிவிடலாம் என்று பெயர்க் கட்டத்தைச் சரிசெய்த அந்தப் பெண் சொன்னார், எல்லோரும் ஒப்புக்கொண்டோம். வாங்கும்போது தாராளமாக வாங்கு, அனுப்பும்போது கறாராக அனுப்பு என்று இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-இல் நெட்வொர்க்குகளுக்குச் சொன்னது ஃபார்முக்கும் பொருந்துகிறது.

கணக்கு எண் கட்டத்தில்தான் இழுபறி. பேஸ்ட் செய்ய முடியாதபடி தடுக்க வேண்டும், கையால் இரண்டு முறை அடித்தால்தான் தப்பு வராது என்கிறார் வாடிக்கையாளர். பாஸ்புக் படத்திலிருந்தோ வாட்ஸப்பிலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டினால்தான் தப்பு குறையும், நீளமான எண்ணைக் கையால் அடிக்கச் சொல்வதே தப்புக்கு வழி என்பது எங்கள் பக்கம். லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டை ஒட்டவிடாமல் தடுப்பது மாற்றுத்திறனாளிகளும் வெப் பக்கங்களைப் பயன்படுத்துவதற்கான அணுகல் விதிகளுக்கு ஒத்துவராது என்று, அந்த விதிகளின் தொகுப்பான டபிள்யூகேக்கின் 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பை எடுத்துக் காட்டினோம். அது லாகினுக்கு, இது கணக்கு எண்ணுக்கு என்றார். அதுவும் நியாயமான மறுப்புதான். என்விடிஏ வைத்து அந்த எண்ணை ஒவ்வொன்றாகக் கேட்டு இரண்டு முறை அடித்துக் காட்டுவதாக டெஸ்டர் சொல்லியிருக்கிறார். எண்ணை ஒட்டியதும் நாலு நாலாகப் பிரித்துப் பெரிதாகக் காட்டி, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கீழே காட்டும் மாதிரிப் பக்கம் ஒன்றைத் தம்பி தயார் செய்துகொண்டிருக்கிறான். வியாழக்கிழமை கிண்டியில் அவர்கள் ஆபீஸில் மறுபடி உட்காருகிறோம்.